நாற்காலியில் ஒரு டிஸ்யூ பாக்கெட்

எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அம்மா அதே சந்தையில் தக்காளி தரம் பிரிக்கிறார். “உக்காந்து பாக்குற வேலையா வாங்கிரு தாயி, அது போதும்” என்பதுதான் நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்பா என்னிடம் கேட்டது. வாங்கினேன். ஒரு சமுதாய வானொலியில் நிகழ்ச்சி எழுதுகிறேன். சுழல் நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. அப்படி நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது உடம்பை என்ன செய்கிறது என்று எங்கள் வானொலிக்கு ஒரு தொடர் நாடகம் எழுதினேன். அதுதான் என்னைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனது.

அங்கே சில தமிழர்கள், எல்லோரும் அலுவலக வேலைக்காரர்கள், ஓய்வு நேரத்தில் இணைய வானொலி நடத்துகிறார்கள். என் தொடரைக் கேட்டுவிட்டு, தங்கள் ஊர் அலுவலகங்களுக்கும் அதுபோல் எட்டுப் பகுதி எழுதித் தரக் கேட்டார்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், இன்ஸ்டாகிராமில் துண்டு துண்டாகப் போடலாம். பன்னிரண்டு நாள் வந்து தங்கி எழுதிக் கொடுக்க வேண்டும். நாடகத்தில் முக்கியப் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கப் போகிறவர் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

சனிக்கிழமை காலை விமான நிலையத்தில் என் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதிய அட்டையோடு அவர் நின்றிருந்தார். ரீட்டா அக்கா. வயது ஐம்பத்தொன்று. குட்டையான முடி, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. “செல்வியா? நீ பெரிய ஆளா இருப்பேன்னு நினைச்சேன் லா. பிள்ளையாட்டம் இருக்கே” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடுவது அந்த ஊர் வழக்கம். குரல் மட்டும் அவர் உடம்பைவிடப் பெரியது. மாதா கோயில் பாடல் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிற குரல்.

புக்கிட் மேராவில், பத்தாவது மாடியில் அவர் வீடு. கணவர் சரக்குக் கப்பலில் பொறியாளர். வருடத்தில் பாதி கடலில் இருப்பவர். அவர் போன துறைமுகங்களெல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்த வில்லைகளாக ஒட்டியிருந்தன. காற்றாலை, ஒட்டகம், மீன், சிவப்புப் பேருந்து. ஒட்டகத்தின் அடியில் நான்காக மடித்த ஒரு கடிதம். எல்லார் வீட்டிலும் மின்கட்டணச் சீட்டைச் செருகி வைப்பார்களே, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் புளி போட்ட மீன் கறி. அதில் வெண்டைக்காயும் அன்னாசியும் கிடந்தன. மீனோடு அன்னாசியா என்று நான் ஓரமாக ஒதுக்குவதை அக்கா பார்த்துவிட்டார். “ஒதுக்காத. ஒரு துண்டு வாயில போடு. பிடிக்கலன்னா எனக்குக் குடு.” போட்டேன். கொடுக்கவில்லை.

ஞாயிறு பிற்பகல் முதல் பகுதியின் பதிவு. மார்சிலிங்கில் குணாவின் வீட்டுப் படுக்கையறைதான் ஒலிப்பதிவுக் கூடம். குணா பகலில் வங்கியில் இருக்கிறார், மற்ற நேரங்களில் அந்த இணைய வானொலியின் ஒலிப்பதிவு, இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாம் அவரே. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. எதிரொலி வராமலிருக்க அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, சன்னலில் இரண்டு தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார். விசிறியை நிறுத்தியாக வேண்டும். பத்து நிமிடத்தில் மூவரும் வியர்வையில் நனைந்துவிட்டோம். சரியாக மல்லிகா அழ வேண்டிய இடத்தில் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

“அம்மா! ரெக்கார்டிங் போகுது மா!”

“பருப்புக்குத் தெரியுமாடா ரெக்கார்டிங்கு?” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மல்லிகா என்பது என் நாடகத்தின் நாயகி. நேரத்துக்குச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் வேலை பார்க்கும் ஓர் எழுத்தர். ரீட்டா அக்கா வாயைத் திறந்ததும் மல்லிகா வந்து நின்றாள். ஒத்திகையே தேவைப்படவில்லை. என் எழுத்துதான் சரியில்லை என்று மறுநாள் தெரிந்தது.

திங்கட்கிழமை அக்கா வேலைக்குப் போனபின் நான் லிட்டில் இந்தியா பார்க்கக் கிளம்பினேன். மாடிப் பேருந்தின் மேல்தளத்தில், முன்வரிசையில் இடம். மரக்கிளைகள் கண்ணாடியை உரசிக்கொண்டு போயின. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோடு வந்தால் நடத்துநர் சத்தம் கொடுப்பார், விசில் அடித்து நிறுத்துவார் என்று நிம்மதியாக இருந்தேன். கோபுரம் ஒன்று வந்தது, பூக்கடைகள் வந்தன, நகைக்கடைகள் வந்தன, எல்லாம் போயின. அந்தப் பேருந்தில் நடத்துநரே கிடையாது. நாம்தான் மணியை அழுத்த வேண்டும் என்பது நான்கு நிறுத்தம் தாண்டியபிறகு தெரிந்தது. வெயிலில் திரும்பி நடந்தேன்.

அங்கிருந்த தேக்கா உணவு நிலையத்தில் தோசை தின்று, டீ கேட்டேன். கெட்டிப் பாலும் சர்க்கரையுமாகப் பாயசம்போல ஒன்று வந்தது. கடைக்காரர் மன்னார்குடிப் பக்கம். “சீனி வேணாம்னா கோசோங்னு கேக்கணும்மா. புதுசா?” என்று சிரித்தார். மலாயில் கோசோங் என்றால் ஒன்றுமில்லை, வெறுமை என்று பொருளாம். மாற்றி வாங்கிய வெறும் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு, முந்தின இரவே குணா வெளியிட்டிருந்த முதல் பகுதிக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கைப்பேசியைத் திறந்தேன்.

“எந்த ஆபிஸ்ல ப்யூன் டீ கொண்டு வர்றார்? அட்ரஸ் ப்ளீஸ், நான் ரிசைன் பண்ணிட்டு அங்க போறேன்.”

“வீட்லேர்ந்து மத்தியானம் கேரியர்ல சுடச்சுட சோறு வருதாம். மல்லிகா எந்த கன்ட்ரி?”

“வாய்ஸ் சூப்பர். கதை பழைய படம் மாதிரி லா.”

டீ கசந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நான் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தவள். என் எழுத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அம்மாவிடமிருந்தும் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் எழுதுவதில் அவருக்கு எட்டுவது காதால் கேட்கக்கூடியது மட்டும்தான். நான் வானொலிக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். “பாப்பா, கேட்டேன். அந்த மல்லிகா கடைசி வரைக்கும் சாப்புடலயே. அடுத்ததுலயாச்சும் சாப்புட வச்சுரு. குரல்லயே பசி தெரியுது.”

செவ்வாயன்று ரீட்டா அக்கா என்னைத் தன் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். தஞ்சோங் பகாரில், கப்பல் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவு. இருபத்தாறு வருடமாக அங்கே இருக்கிறார். பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தேன். ஏசிக் குளிரில் கை விறைத்தது. பல நாற்காலிகளின் முதுகில் ஆளில்லாமல் கோட்டு மட்டும் தொங்கியது. கீழே போனாலும், ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று மேலாளருக்குக் காட்ட விட்டுப்போவதாம். எட்டரையிலிருந்து ஒரு மணி வரை அக்கா ஒரே ஒருமுறை எழுந்தார், அச்சிட்ட தாளை எடுக்க. தண்ணீர்ப் புட்டி நிறைந்தபடியே இருந்தது. குடித்தால் கழிப்பறைக்கு எழ வேண்டுமே. பக்கத்து இருக்கை மெய் லிங் ஆங்கிலத்தில் என்னிடம் ரகசியம்போலச் சொன்னார்: “உன் கதாநாயகியைப் பார்க்க வந்தாயா? படம் பிடிப்பது சுலபம். அவள் அசையவே மாட்டாள்.”

வழக்கமாக அக்காவின் மதிய உணவு இழுப்பறையில் இருக்கும் பிஸ்கட். அன்று விருந்தாளி வந்திருப்பதால் கீழே உணவு நிலையத்துக்குப் போகலாம் என்றார். “நீ முன்னால போய் ஒரு மேசை பாத்து வை. ஒரு மெயில் அனுப்பிட்டு வந்துர்றேன்.”

போனேன். ஒரு மணிக் கூட்டம். ஆனால் ஆச்சரியமாக அங்கங்கே காலி மேசைகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு டிஸ்யூ பாக்கெட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றில் குடை. இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு மறதி! எங்கள் ஊர்ப் பேருந்து நிலையமாக இருந்தால் அந்தக் குடை இத்தனை நேரம் இருக்குமா? மூன்று பாக்கெட்டுகளையும் குடையையும் பொறுப்பாகச் சேகரித்து, பானக் கடையில் இருந்த பெரியவரிடம் கொடுத்து, “தேடி வந்தால் கொடுத்துவிடுங்கள்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னையும் டிஸ்யூவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வந்து சன்னலோர மேசையில் உட்கார்ந்தேன்.

இரண்டு நிமிடத்தில் ஆவி பறக்கும் கிண்ணத்தோடு ஒரு சீன முதியவர் வந்து என் முன்னால் நின்றார். பின்னாலேயே தட்டுகளோடு நான்கு பெண்கள், என்ன செய்வதென்று தெரியாமல். வேறு யாரோ மற்ற மேசைகளில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

“இங்கே என் டிஸ்யூ இருந்தது” என்றார் முதியவர்.

“பத்திரமாக இருக்கிறது ஐயா. அங்கே கொடுத்திருக்கிறேன்” என்று பெருமையாகக் கையை நீட்டிக் காட்டினேன்.

அப்போதுதான் ரீட்டா அக்கா வந்தார். ஒரு நொடியில் விஷயம் புரிந்து, “அலாமா!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அந்த முதியவரிடமும் நான்கு பெண்களிடமும் ஏதேதோ சொல்ல, அவர்களும் சிரிக்க, கடைசியில் நாங்கள் எல்லோரும் ஒரே மேசையில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். “டிஸ்யூ வச்சா இடம் பிடிச்சாச்சுன்னு அர்த்தம் பிள்ளை. இந்த ஊர்ல போலீஸ் வந்தாக்கூட அதைத் தொட மாட்டாங்க. நீ நாலு மேசையைக் காலி பண்ணிட்டியே!” அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த முதியவர் தன் டிஸ்யூவை மீட்டு வந்து, பிரித்து, அக்காவிடம் ஒன்றை நீட்டினார்.

அன்று அக்கா மீன் சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். “மத்தியானம் கீழ வந்து எத்தனை மாசமாச்சு தெரியுமா?” என்று கேட்டுவிட்டு அவரே கணக்குப் பார்க்க முயன்று விட்டுவிட்டார்.

மேசையில் இடம் பிடிக்கிறவர்கள் தங்களுக்கென்று அரை மணி நேரத்தைப் பிடித்து வைப்பதில்லை. அன்று மாலையே இரண்டாம் பகுதியை எழுதினேன். மல்லிகா ஒரு மணிக்கு எழுந்து, தன் நாற்காலியில் ஒரு டிஸ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறாள். மேலாளர் அவசரக் கோப்போடு வருகிறார். நாற்காலியில் டிஸ்யூ. எடுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கோப்போடு சுற்றிச் சுற்றி வருகிறார். புதன்கிழமை மாலை பதிவு செய்தபோது குணா சிரித்த சிரிப்பில் இரண்டு முறை ஒலிப்பதிவு கெட்டது. “செல்வி, ஆளை இழுக்குற ஹுக் இதான் லா! எல்லாரையும் அவங்க சேர்ல டிஸ்யூ வச்சு போட்டோ போடச் சொல்றேன்.”

வியாழனும் வெள்ளியும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. வங்கி நாற்காலி, பள்ளி அலுவலக நாற்காலி, மருத்துவமனை முகப்பு நாற்காலி, டாக்சி ஓட்டுநரின் இருக்கைகூட. ‘சாப்பிடப் போயிருக்கேன்’, ‘நடக்கப் போயிருக்கேன்’, ‘கண்ணுக்கு ரெஸ்ட் குடுக்கப் போயிருக்கேன்’. ஒருவர் எழுதியிருந்தார்: “என் சூப்பர்வைசர் வந்து அந்த டிஸ்யூவையே எடுத்து மூக்கைச் சிந்திட்டார். அடுத்து என்ன வைக்கட்டும்?” அம்மாவும் கேட்டுவிட்டார். “சாப்புட்டுட்டா! இப்பதான் மனசு நெறஞ்சுச்சு.” நான் தரையில் நடக்கவில்லை.

அப்படி மிதந்துகொண்டிருந்தபோதுதான் தப்புச் செய்தேன்.

இரண்டாம் ஞாயிறு காலை. ரீட்டா அக்கா பூசைக்குப் போயிருந்தார். தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடியபோது ஒட்டகம் கழன்று விழுந்தது. கடிதம் என் காலடியில் விரிந்தது. எடுத்தேன், படித்தேன்.

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படி. வங்கிக் கடிதம், நீதிமன்றக் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் நேராக என் கைக்குத்தான் வரும். பிரித்துப் படித்து, என்ன செய்ய வேண்டும் என்றும் நானே சொல்வேன். பெரியவர்கள் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். எழுத்து இருக்கும் தாள் கண்ணில் பட்டால் அது எனக்கு வந்தது என்றுதான் என் கை நினைக்கிறது.

மருத்துவமனையிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம். மார்பகப் பரிசோதனையில் எடுத்த படத்தில் ஓரிடத்தை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது, வந்து இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. தேதி அடிக்கப்பட்டு, பேனாவால் வேறு தேதி எழுதப்பட்டிருந்தது. அதுவும் அடிக்கப்பட்டு மூன்றாவதாக ஒன்று. வருகிற வியாழன், காலை ஒன்பதரை. நான் ஊர் திரும்புவது புதன்கிழமை.

கடிதத்தை மடித்து ஒட்டகத்தின் அடியில் திரும்பச் செருகினேன். நேரில் சொன்னால் கேட்பாரா என்று யோசித்தேன். நாடகத்தில் சொன்னால் கேட்பார் என்று தோன்றியது. அதற்குத்தானே வந்திருக்கிறேன்? பூசை முடிந்து அக்கா வருவதற்குள் ஏழாம் பகுதியில் புதிதாக ஒரு காட்சி சேர்த்துவிட்டேன். மல்லிகாவுக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம். ‘மாசக் கடைசி, கணக்கு முடிக்கணும்’ என்று இரண்டு முறை தேதியைத் தள்ளுகிறாள். கடிதத்தை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்துத் தினமும் அதைக் கடந்து போகிறாள்.

பிற்பகல் மார்சிலிங்கில், போர்வைகளுக்கு நடுவே, அக்கா ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து தாளைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. என்னைப் பார்க்கவில்லை. குணாவிடம், “போலாம்” என்றார்.

ஒரே பதிவில் முடிந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை. அவ்வளவு அமைதியான குரலை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. குணா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “அக்கா, எனக்கு அழுகையே வந்துருச்சு லா” என்றார். அக்கா எழுந்து விசிறியைப் போட்டார். குணாவின் அம்மா கொடுத்த போண்டாவை வேண்டாம் என்றார்.

ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கிராஞ்சி போனது, யூ டீ போனது. வெளியே மாடி வீடுகளின் துணிக்கம்புகளில் துணிகள் ஆடின. ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்கி வேறு ரயிலுக்கு மாறினோம். நாங்கள் இறங்க வேண்டிய ரெட்ஹில்லுக்கு முந்தைய நிறுத்தத்தில்தான் அக்கா வாயைத் திறந்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“உங்க தெருவுல படிக்கத் தெரியாதவங்களுக்கு லெட்டர் படிச்சுச் சொல்வேன்னு சொன்னே இல்ல?”

“ஆமாக்கா.”

“எனக்குப் படிக்கத் தெரியும் செல்வி.”

இத்தனை வருடப் படிப்பில் படிக்காமல் விட வேண்டியதும் உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை என்று சொல்லலாம். அது பொய். அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், “அவுங்களா குடுத்தாத்தான் வாங்கணும்” என்று.

திங்கள் காலை, அக்கா வேலைக்குக் கிளம்புவதற்குள் எழுந்து, சமையலறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். நான் அவருக்காகத்தான் எழுதினேன் என்றெல்லாம் விளக்கவில்லை. கேட்காமல் படித்தது தப்பு, படித்ததை எழுதியது அதைவிடத் தப்பு, அந்தக் காட்சியை நீக்கிவிடுகிறேன் என்றேன். அவர் ரொட்டியில் காயா தடவிக்கொண்டே கேட்டார். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த அந்த இனிப்பை எப்போதும் எனக்குக் கொஞ்சம் தடிமனாகத் தடவுவார். அன்றும் அப்படியே தடவி, தட்டை என் பக்கம் தள்ளினார். “சாப்புடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குணாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் பதறினார். “செல்வி, அதான் பெஸ்ட் சீன்! அதைப் போட்டா எத்தனை பேரு செக்கப் போவாங்க தெரியுமா?”

“போவாங்க குணா. ஆனா அது நம்மகிட்ட சொன்ன கதை இல்ல. அழிச்சிருங்க.”

யாருடையது என்று அவர் கேட்கவில்லை, ஊகித்திருப்பார். “ஓகே லா. டிலீட் பண்ணிட்டேன்” என்றார். அந்த இடத்துக்கு, மல்லிகா கண்ணாடி போட மறுத்துக் கணக்கில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிடுகிற வேடிக்கைக் காட்சி ஒன்றை எழுதினேன். அன்று மாலை அக்கா அதைப் படித்துவிட்டு, “இது பரவால்ல” என்றார். பதிவின்போது ஓரிடத்தில் சிரிக்கவும் செய்தார்.

செவ்வாய் மாலை அக்கா அலுவலகத்திலிருந்து நேராகத் தேக்காவுக்கு வந்தார். “உங்கம்மாவுக்கு ஏதாச்சும் வாங்க வேணாமா?” கூட்டத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தார். தைலம் வாங்கினோம், மூட்டை தூக்கும் தோளுக்கு நல்லதென்று அப்பாவுக்கு இன்னொன்று. பிறகு டீக்கடையில் உட்கார்ந்தோம். நானே போய், ஒன்று கோசோங், ஒன்று சீனியோடு என்று கேட்டு வாங்கி வந்தேன். மன்னார்குடிக்காரர் தலையாட்டிப் பாராட்டினார்.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

“மொத தடவை நெஜமாவே மாசக் கடைசி” என்றார் அவராகவே. “ரெண்டாவது தடவை மெய் லிங் லீவு. அவ வேலையும் சேத்துப் பாத்தேன். பாக்கச் சொல்லி யாரும் கேக்கல. நானே போய் ‘நான் பாக்குறேன்’னு சொன்னேன்.” கரண்டியைத் தட்டில் வைத்தார். “போனா தெரிஞ்சிரும்ல செல்வி. போகாத வரைக்கும் அது வெறும் லெட்டர்தான். இவரும் கடல்ல இருக்காரு. போன்ல சொன்னா அங்க அவரால என்ன பண்ண முடியும்?”

“நான் வேணா டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு...”

“நீ ஒன்னும் தள்ளிப்போட வேணாம். தள்ளிப்போடறதுக்கு நான் ஒருத்தி போதும்.” இருவரும் சிரித்துவிட்டோம். வியாழக்கிழமை போவாரா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ தீர்ந்தபின்னும் அவர் கை என் மணிக்கட்டின்மேல் இருந்தது.

சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே ஒரு மூதாட்டி டிஸ்யூ பாக்கெட்டுகளை விற்றுக்கொண்டு வந்தார். அக்கா ஒரு கொத்து வாங்கிப் பைக்குள் போட்டார்.

புதன் காலை நான் பெட்டியை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது, பன்னிரண்டு நாள் நான் படுத்திருந்த சோபாவின் நட்டநடுவில் ஒரு டிஸ்யூ பாக்கெட் இருந்தது.

“இது உன் இடம்” என்றார் ரீட்டா அக்கா. “யாரும் உக்கார மாட்டாங்க. அடுத்த தடவை வர்றப்போ நீயே எடுத்துக்க. பானக் கடையில கொண்டுபோய்க் குடுத்துறாத.”

கதவை நோக்கி நடக்கும்போது குளிர்சாதனப் பெட்டியைக் கடந்துதான் போக வேண்டும். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒட்டகம் அங்கே இருந்ததா, அதன் அடியில் ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை ஒட்டன்சத்திரத்தில் இருந்தேன். அம்மா அன்று எனக்காகச் சந்தைக்குப் போகவில்லை. இட்லியை வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தபடியே இருந்தேன். அவர்களுக்கு ஒன்பதரை என்றால் நமக்கு ஏழு மணி. ஏழேகால் ஆகியும் ஒன்றும் வரவில்லை. மாதக் கடைசிகூட இல்லையே என்று நினைத்தேன். மெய் லிங் மறுபடி விடுப்பு எடுத்திருப்பாரோ என்றும் நினைத்தேன்.

ஏழரைக்கு ஒரு படம் வந்தது. மெய் லிங் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அக்கா அதை எனக்கு அனுப்பியிருந்தார். ஒரு சொல்லும் இல்லாமல் படம் மட்டும். தஞ்சோங் பகார் அலுவலகத்தில் ஒரு நாற்காலி. முதுகில் கோட்டு இல்லை. உட்காரும் இடத்தில் ஒரு டிஸ்யூ பாக்கெட்.

அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நாடகத்தில் டிஸ்யூ என்று காதால் கேட்டிருந்தாரே தவிர, அதைக் கண்ணால் பார்த்ததில்லை. “யாரோடது?”

“மல்லிகாவுக்குக் குரல் குடுத்தாங்கள்ல, அவங்க நாற்காலிம்மா.”

“அடப்பாவமே, எதையோ மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்களே. யாராச்சும் எடுத்துக்கப் போறாங்க. போன் போட்டுச் சொல்லு பாப்பா.”

“இல்லம்மா” என்றேன். “எடுக்க மாட்டாங்க. அவங்க திரும்பி வருவாங்க. இடம் பிடிச்சு வச்சிருக்காங்க.”